எந்தக் கிளிப்பை முதலில் எடுப்பது

அந்த ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தவள் நான். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை எங்கள் வீட்டில் யார் எடுத்துச் சொன்னாலும் பழி எப்படியோ அவன் தலையில் போய் விழுந்துவிடுகிறது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டு மாடி அறையில் நாங்கள் வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தோம். அண்ணன் கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடுகளுக்குப் போய்ப் படம் எடுத்து வருவான். வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுப் போடுவது எல்லாம் நான். வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். ஆனால் மாடி ஏறிவிட்டால் எங்களுக்கே தெரியாமல் தமிழுக்கு மாறிவிடுவோம். கேப்சர், ரெண்டர், டிஸ்க் ஃபுல் என்பதற்கெல்லாம் எங்கள் மொழியில் எங்கே போவது? சண்டை போடுவதும் மாடியில் தமிழில்தான்.

அப்போது படமெல்லாம் சின்ன டேப்பில் வரும். ஒரு டேப் ஒரு மணி நேரம் ஓடும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, அதாவது கேப்சர் செய்ய, இன்னொரு மணி நேரம் பிடிக்கும். ஒரு கல்யாணத்துக்கு நான்கு டேப், ஐந்து டேப். கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க் நிறைந்துபோய், படத்தை ஓட்டினால் திக்கித் திக்கி நின்றது. மாப்பிள்ளை குனிவார், நிற்பார், மறுபடி குனிவார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைவலி வந்தது. வெளியே வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிக் கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடி மேஜையில் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது. அலுமினியக் கூடு, தனி அடாப்டர், பின்பக்கம் கட்டைவிரல் அகலத்தில் ஒரு ஃபேன். நிமிஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்று, யு.எஸ்.பி.யோடு பயர்வயர் என்ற வேகமான இணைப்பும் உண்டு. இன்னொன்று கையடக்கமானது. சுற்று குறைவு, யு.எஸ்.பி. மட்டும். பெரியதன் விலைக்குச் சின்னதில் இரண்டு வாங்கலாம்.

"ரெண்டு சின்னதா வாங்கிருவோம். ஒண்ணுல வேலை செய்யி. இன்னொண்ணுல காப்பி போட்டு பீரோல வச்சுருவோம்" என்றான் அண்ணன்.

"உனக்கென்ன, நீ எடுத்துட்டு வந்து போட்டுருவ. நாள் பூரா அதுக்கு முன்னாடி உக்காந்திருக்கிறது நான். எனக்கு வேகமானதுதான் வேணும்."

பாய் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உங்க டேப்புக்கு இம்புட்டு வேகம் தேவையேயில்ல. சிஸ்டம் ஓடுற டிஸ்க்லயே படத்தையும் வச்சு ஓட்டுறீங்க, அதான் திக்குது. தனியா எந்த டிஸ்க்கைப் போட்டாலும் ஓடிரும்."

எனக்கு அது ஏறவில்லை. பெட்டியின் மேலே பெரிதாக அச்சிட்டிருந்த எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காப்பிக்கு என்ன செய்வ?" என்றான் அண்ணன்.

"டேப் இருக்கே. டேப்பை விடவா காப்பி வேணும்?"

அன்றைக்கு அது நியாயமான பதில்தான். டேப் இருந்தது. ஒவ்வொரு கல்யாணத்து டேப்பையும் பேர் எழுதி ஷூ டப்பாக்களில் அடுக்கி வைத்திருந்தோம். ஆறேழு மாதம் போனபின் டேப் தட்டுப்பாடு வந்தது. டி.வி.டி. கொடுத்து முடித்த கல்யாணங்களின் டேப்பை அழித்து மறுபடி எடுக்க ஆரம்பித்தோம். எல்லா ஸ்டூடியோக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். நான் கடையில் சொன்ன பதில் அன்றோடு செல்லாமல் போனது. அதை நானும் கவனிக்கவில்லை, அண்ணனும் கவனிக்கவில்லை.

டிஸ்க் நன்றாகத்தான் ஓடியது. இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது கோடையில் தூசி அடைத்து அதன் ஃபேன் நின்றுபோனது. அறையில் சத்தம் குறைந்தது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மேலே கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. பங்குனி, சித்திரையில் மாடி அறையில் எல்லாமே சுடும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அதிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. நகம் வெட்டுகிற சத்தம் போல. புதன்கிழமை நான்கைந்து தடவை கேட்டது. கோச்சடையில் ஒரு வாத்தியார் வீட்டுக் கல்யாணத்தை அந்த வாரம் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று வேலையைத் தொடர்ந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் படியேறி வந்தார்கள். பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். அவளை எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைத் தெரியாது. ஒன்றரை வருடத்துக்கு முன் டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலில் நடந்த அவள் கல்யாணத்தை நான்தான் எடிட் செய்தேன். பதினைந்து நாள் ஒருவர் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தால், சிரிப்பதற்கு முன்னால் உதட்டை எந்தப் பக்கம் இழுப்பார்கள் என்பது வரைக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு அந்த முகத்தில் சிரிப்புக்கு வழியே இல்லை.

"அக்கா, எங்க கல்யாண வீடியோ ஒரு காப்பி வேணும்" என்றாள். "இருக்குமாக்கா?"

"உங்களுக்கு டி.வி.டி. கொடுத்தோமே?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாதான் சொன்னாள். "சொந்தக்காரகளுக்குக் காட்டணும்னு மாப்ள வீட்டுல வாங்கிட்டுப் போனாக தாயி. ஆல்பத்தையும் சேத்துத்தான். போட்டோ எடுத்தவனும் அவுக ஆளு. இப்ப கேட்டா, எந்த ஆல்பம்ங்கிறாக. எந்தக் கல்யாணம்ங்கிறாக."

மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துக்குப் பிறகு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. இவளைப் பேறுகாலத்துக்கு அனுப்புகிற மாதிரி அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை தங்கவில்லை. திரும்பக் கூப்பிடவும் யாரும் வரவில்லை. இப்போது வேறு இடத்தில் அவனுக்குப் பெண் பார்த்து, பத்து நாளில் கல்யாணம். கேட்கப் போன இவள் மாமாவிடம், அந்தப் பெண்ணைத் தெரியும், பழகினோம், கல்யாணம் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் ரசீது கிடையாது. எங்கேயும் பதியவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் தடை கேட்டு மனுப் போடுவதாகச் சொன்ன வக்கீல், கையில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

"வீடியோக்காரகிட்ட இருந்தாப் போய் வாங்கிட்டு வாங்கன்னாரு" என்றாள் பெண்.

"இருக்கு, இருங்க" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கில் அவர்கள் ஃபோல்டரைத் திறந்தேன். சின்னச் சின்னப் படங்களாகக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. கோயில் வாசல். பந்தல். பெண் அழைப்பு. எட்டாவதோ ஒன்பதாவதோ வரும்போது திரை அப்படியே நின்றது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக், டிக், டிக்.  அம்மா என் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிஸ்க்கின் ஸ்விட்சை அணைத்தேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டர் சூடாயிருச்சு. நாளைக்கு வாங்களேன், எடுத்து வைக்கிறேன்."

பொய். அவர்கள் நம்பினார்கள். அனுப்பானடியில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது, தங்கிவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் சொன்னேன். அவன் கேமராப் பையைக் கீழே வைக்கவே இல்லை. தோளில் தொங்கவிட்டபடியே ஷூ டப்பாக்களைக் கிளற ஆரம்பித்தான். கல்லுப்பட்டி என்று எழுதிய நான்கு டேப்பும் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் அந்தப் பேரை அடித்துவிட்டு வேறு பேர் எழுதியிருந்தது. ஒன்றில் மூன்றாவது பேர் கூட இருந்தது. கேமராவில் போட்டு ஓட்டிப் பார்த்தோம். யாரோ ஒரு பெண்ணுக்குச் சடங்கு. யாரோ ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம்.

"கோச்சடை டேப் இருக்குல்ல? அதையாவது முதல்ல எடுத்து வை" என்றேன். கோச்சடைக் கல்யாணம் இன்னும் கொடுத்து முடிக்காதது. முடிக்காததன் டேப்பை நாங்கள் தொடுவதில்லை.

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். "முதல் டேப் இல்ல" என்றான்.

"இல்லன்னா?"

"போன ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்குப் போனப்ப டேப் பத்தல. நீ கேப்சர் பண்ணிட்டல்லன்னு அதை எடுத்துப் போட்டுட்டேன்."

அந்த முதல் டேப்பில் இருந்தது கல்யாணத்தன்று காலை. சர்ச்சுக்குப் புறப்படும் முன் கோச்சடை வீட்டில் நடந்த ஜெபம். அப்பா மகள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தது. அதுவும் இனி அந்த டிஸ்க்கில் மட்டும்தான். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் ஒரே ஒரு வார்த்தைதான் திருப்பிச் சொன்னான்: "ரெண்டு சின்னதா வாங்குவோம்னு சொன்னேன்ல?" 

வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போதே பாய் முன்னால் நின்றோம். காப்பி எடுக்க முதலில் வேறு டிஸ்க் வேண்டுமே. பாய் நடந்ததைக் கேட்டுவிட்டு, பழக்கத்தில் புதிதாக வந்த வேகமான ஒன்றை எடுத்து வைத்தார்.

"பாய், எது சூடாகாது?" என்று கேட்டேன். "எது மெதுவா ஓடும்? கீழ விழுந்தா எது தாங்கும்?"

அவர் அந்த வேகமானதைத் தானே உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அடாப்டர் இல்லாத சின்ன டிஸ்க்குகளைக் கொண்டுவந்தார். நான் ஒரே மாதிரி இரண்டு கேட்டேன். "ஒரே கம்பெனியில ஒரே நேரத்துல செஞ்ச ரெண்டை வாங்காதீங்க. ஒண்ணுல வர்ற கோளாறு இன்னொண்ணுலயும் வரலாம். வேற வேற கம்பெனியில ஒவ்வொண்ணு எடுங்க. ஒண்ணை வீட்டுல வைங்க, இன்னொண்ணை வேற யார் வீட்டுலயாச்சும் வைங்க." அப்படியே எடுத்துக்கொண்டோம். இந்தத் தடவை பெட்டியின் மேலிருந்த எண்களை நான் படிக்கவில்லை.

பழையதைப் பற்றிக் கேட்டோம். சென்னையில் பிரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு, ஆனால் வாரக்கணக்கில் ஆகும் என்றார். திங்கட்கிழமைக்குள் என்றால் நாமே முயன்று பார்ப்பதுதான் வழி.

"ஃபோல்டரோட இழுக்காதீங்க. ஒவ்வொரு ஃபைலா எடுங்க. பத்து நிமிஷம் ஓட்டுங்க, நிறுத்தி ஆற விடுங்க. ஐஸ்ல வைக்கிறது, ஃபிரிட்ஜ்ல வைக்கிறதெல்லாம் யாராச்சும் சொல்லுவாங்க, செய்யாதீங்க, உள்ள தண்ணி கோத்துரும்." படியிறங்கும்போது பின்னாலிருந்து மறுபடியும் சொன்னார். "தங்கச்சி, ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் இதுதான் கடைசின்னு நெனச்சுக்கிட்டு, எது ரொம்ப முக்கியமோ அதை எடுங்க."

வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் மகளும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம் தினமும் மின்வெட்டு. எங்கள் தெருவுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. கரண்ட் வரக் காத்திருந்த நேரத்தில் அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். டேப் அழிந்துவிட்டது. டிஸ்க் சாகக் கிடக்கிறது. எடுக்க முடியலாம், முடியாமலும் போகலாம். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தே தெரியுமாக்கா உங்களுக்கு?"

"தெரியும்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல."

சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அண்ணன் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து டிஸ்க்குக்கு நேராக வைத்தான். நான் புது டிஸ்க்கைச் சொருகினேன். அப்போதுதான் அவன் என்னிடம் மெல்ல, சௌராஷ்டிரத்தில் சொன்னான்: "முதல்ல கோச்சடையை எடு." மாடியில் நாங்கள் எங்கள் மொழியில் சண்டை போட்டது அன்றைக்குத்தான். வந்தவர்களுக்குப் புரியக் கூடாதே.

வாத்தியார் நம்மை நம்பிக் கொடுத்த வேலை, அதன் டேப்பை அழித்தது நான், என் தப்பை நான்தான் சரிசெய்ய வேண்டும் என்றான் அவன். இவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, அவர்கள் தொலைத்ததற்கு நாம் பொறுப்பில்லை என்றான். அவன் சொன்னதில் எதுவும் தவறில்லை. வாத்தியார் மகள் புருஷனோடு நன்றாக இருக்கிறாள், அவளுக்குப் போவது ஒரு மணி நேரப் படம், இவளுக்கு இது கிடைக்கவில்லையென்றால் கல்யாணமே நடக்கவில்லை என்று ஆகிவிடும் என்றேன் நான். அவன் குரல் ஏறியது. என் குரலும் ஏறியது.

"எங்களுக்காக அண்ணன் தங்கச்சி சண்டை போடாதீக" என்றாள் அந்த அம்மா. எங்கள் மொழியில் அவளுக்கு ஒரு சொல் தெரியாது. ஆனாலும் எல்லாம் விளங்கியிருந்தது. "எங்களுக்கு இருக்கிறது இருக்கட்டும். நாங்க வாரோம் தாயி."

அவள் எழுந்தே விட்டாள். அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு ஃபேனுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டான். "சரி, எடு" என்றான்.

எதை எடுப்பது? முடித்துக் கொடுத்த படம் முழுதும் ஒரே ஃபைலாக இருந்தது. இரண்டரை மணி நேரம். அத்தனை பெரியதை இந்த டிஸ்க்கில் தொட முடியாது. வெட்டாத கிளிப்புகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

"தாலி கட்டுறதை எடுங்கக்கா" என்றாள் பெண்.

எனக்கு அந்த இடம் நன்றாக நினைவிருந்தது. எடிட் செய்யும்போது என்னை அழவைத்த இடம் அது. கெட்டிமேளம் என்றதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அட்சதையோடு எழுந்து கேமராவை மறைத்துவிட்டார்கள். பூசாரியின் முதுகும் யாரோ ஒருவரின் பச்சைத் துண்டும்தான் தெரியும். மாப்பிள்ளை முகம் விழவே இல்லை. அந்த ஓட்டையை மறைக்க நான் வேறு கல்யாணத்துக் கெட்டிமேளத்தைப் போட்டு ஒப்பேற்றியிருந்தேன்.

"அதுல அவரு முகம் தெரியாது" என்றேன். "மெட்டி போடுறதை எடுக்கிறேன். மூணு நிமிஷக் கிளிப். அதுல அவர் முகம் தெரியும், உன் கழுத்துல தாலி தெரியும். அவங்க அம்மா பக்கத்துலயே நிப்பாங்க."

"கோர்ட்டுல தாலியைத்தானக்கா கேப்பாங்க?"

"என்னை நம்பு" என்றேன். நேற்றுப் பொய் சொன்ன வாயால் இன்று அப்படிச் சொல்வது எனக்கே கூசியது. அவள் தலையாட்டினாள்.

ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் சத்தம் எழுந்தது. டிக். ஃபோல்டர் திறந்தது. இந்தத் தடவை படமாகக் காட்டாமல் வெறும் எண்களாகக் காட்டும்படி மாற்றியிருந்தேன். வரிசைப்படி மெட்டி அறுபதுக்கு மேல் வரும். அறுபத்திரண்டு என்று எனக்குத் தோன்றியது. திறந்து சரிபார்க்கப் பயம். பிடித்து இழுத்துப் புது டிஸ்க்கில் விட்டேன். நீலக் கோடு கால்வாசி வந்தது. பாதி வந்தது. நின்றது.

டிக், டிக், டிக், டிக்.

அறையில் ஃபேன் சத்தமும் அந்த டிக்கும்தான். அண்ணன் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்திருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிஷமோ மூன்று நிமிஷமோ. பிறகு கோடு ஒரு நூலிழை நகர்ந்தது. மறுபடி நின்றது. மறுபடி நகர்ந்தது. கடைசியில் ஒரே பாய்ச்சலாக ஓடி முடிந்தது. பழைய டிஸ்க்கை அணைத்துவிட்டுப் புதியதிலிருந்து ஓட்டினேன்.

அறுபத்திரண்டுதான். அம்மிக்கல்லில் அவள் கால். குனிந்திருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் அம்மா மெட்டி டப்பாவை நீட்டி, "இந்த விரல்லடா" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. பின்னால் கட்டியிருந்த பேனரில் இரண்டு பேர் படமும் பேரும். நடுவில் ஒரு விநாடி கட்டம் கட்டமாகச் சிதறிப் பிறகு சேர்ந்தது. அந்த அம்மா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பெண் திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று போதுமா என்ற பயம் வந்துவிட்டது. ஆற விட்டு, இரண்டாவது தடவை அவன் அப்பா இவர்களுக்கு விபூதி பூசும் கிளிப்பை எடுத்தேன். அதுவும் வந்தது. மறுபடி ஒரு மணி நேரம் ஆற விட்டோம்.

மூன்றாவது தடவை அண்ணனை என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "இப்ப உன்னுது" என்றேன். அவன் கோச்சடை ஃபோல்டரைத் திறந்தான். ஜெபம் இருந்த கிளிப்பை இழுத்தான். கோடு தொடங்கவே இல்லை. கரகரவென்று கரண்டியால் பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரையிலிருந்து அந்த டிஸ்க்கே மறைந்துபோனது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தோம். அது சுற்றவே இல்லை. பிற்பாடு சென்னைக்கு அனுப்பியும் பயனில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் இரண்டு கிளிப்பையும் டி.வி.டி.யில் எடுத்துக்கொண்டு போனாள். பத்து நாளுக்குள் என்று சொன்ன கல்யாணம் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் போன் செய்தாள். "மெட்டி போட்டதை மட்டுந்தான்க்கா வக்கீல் போட்டுக் காட்டுனாரு. அதுவே போதும்னுட்டாரு. என் மாமியாரு குரலு கேட்டதும் அவங்க பக்கத்துல ஒருத்தரும் வாயைத் தெறக்கல." அவனோடு திரும்பப் போகவில்லை என்றாள். முறைப்படி பிரிந்து, திருமங்கலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விபூதிக் கிளிப்பை யாரும் பார்க்கவே இல்லை. அதை எடுக்காமல் அந்த முறை கோச்சடையை எடுத்திருந்தால் என்ற கணக்கை நான் அண்ணனிடம் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

அந்தப் பெண் டி.வி.டி. வாங்கிப் போன வாரமே நானும் அண்ணனும் கோச்சடைக்குப் போனோம். வாத்தியார் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெறப் போகிறவர். எங்களை உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவரச் சொன்னார். அண்ணன் உட்காராமலே சொல்லி முடித்தான். டேப்பை அழித்தது தான்தான் என்பதையும், படத்துக்கு இன்னொரு பிரதி வைக்காததையும். பிறகு நான் இடையில் புகுந்து, முதலில் வேறொருவருடையதை எடுத்தது நான் என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பகுதி போச்சு?" என்றார்.

"காலையில வீட்டுல நடந்த ஜெபம் சார். சர்ச்சுல நடந்தது எல்லாம் இருக்கு."

"அது போயிருச்சா" என்றார். உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த அவர் மனைவி தட்டோடு அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். "அந்தப் பொண்ணு விஷயத்துல நீங்க செஞ்சது சரிதான்மா. நான் தப்புச் சொல்லல" என்றார் வாத்தியார். "ஆனா மிச்ச டேப்பை எல்லாம் கொடுத்துருங்க தம்பி. நான் வேற எடத்துல பாத்துக்கிறேன்." மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசலிலேயே வாங்கிக்கொண்டார். அந்தச் சர்ச்சிலிருந்து அதற்குப் பிறகு எங்களை யாரும் கூப்பிடவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் வெளிநாட்டிலிருந்து ஒரு அழைப்பு. வாத்தியாரின் மகள். திட்டப்போகிறாள் என்று நினைத்து நான் மன்னிப்பிலிருந்தே ஆரம்பித்தேன். அவள் அதை வெட்டினாள்.

"அதுக்குக் கூப்பிடலக்கா. அப்பாவுக்குப் போன மாசம் ஸ்ட்ரோக் வந்துச்சு. பேச்சு வரல. நான் அந்த ஜெபத்துல கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். அப்பா என்ன சொன்னாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல. அன்னைக்கு இருந்த படபடப்புல ஒண்ணுமே காதுல விழல. நீங்க அந்த டேப்பைப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். ஏற்றும்போது ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். ஒரே ஒரு தடவை. நினைவில் இருந்ததைச் சொன்னேன். அவர் ஜெபத்தை ஆரம்பித்து, நடுவில் மூச்சு முட்டின மாதிரி நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமென் சொல்லிவிட்டார்கள். அவர், இன்னும் முடியலை, இருங்க என்று சொல்லிவிட்டு, அவள் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த ஏதோ ஒரு ராத்திரியைப் பற்றி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அவள் தலையில் வைத்த கையை ஜெபம் முடிந்த பிறகும் எடுக்கவில்லை. பூ கசங்குகிறது என்று அவள் அம்மாதான் எடுத்துவிட்டாள்.

"எந்த ராத்திரின்னு சொன்னாரா?"

"சொன்னாரு. எனக்கு ஞாபகம் வரல. ஆஸ்பத்திரிக்கு சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனதா என்னமோ சொன்னாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியலம்மா."

"போதும்க்கா" என்றாள். பிறகு, "சைக்கிள்னு சொன்னாருல்ல? நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். அவள் அழுவது கேட்டது. நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அந்த வாரக் கல்யாணத்தின் இரண்டாவது காப்பியைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் வைக்க வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணன், யார் என்று சைகையில் கேட்டான். கோச்சடை என்று உதட்டசைவில் சொன்னேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, போன் முடியும் வரைக்கும் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.